மேய்ப்பனுக்குக் கோட்டு எதற்கு?

"இயேசு பிறந்தது குளிர்காலத்துல இல்ல. வசந்தகாலத்துல!"

சபையின் கிறிஸ்துமஸ் நாடகக் கமிட்டியில் பூகோள வாத்தியார் மேஜையைத் தட்டினார். ரிட்டயராகி ஆறு வருஷம் ஆகியும், எதிரே யார் உட்கார்ந்தாலும் அவருக்கு மாணவர்கள்தான்.

"வேதத்தைப் பாருங்க. மேய்ப்பர்கள் ராத்திரியில வயல்வெளியில தங்கி மந்தையைக் காத்தாங்கன்னு இருக்கு. குளிர்காலத்துல எவன் ஆட்டை வெளியில விடுவான்? பட்டியில அடைச்சிட்டு இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்துருவான். அதனால மேய்ப்பர் வேஷத்துக்கு மெல்லிசா நூல் அங்கி போதும்."

"குளிர்காலம்தான் சார்," என்றார் டெய்லர். நாடகத்துக்கு உடுப்பு தைப்பவர் அவர்தான். "கம்பளிக் கோட்டுதான் வேணும்."

"ஆதாரம்?"

டெய்லர் தலையைச் சொறிந்தார். "பிள்ளையைத் துணியில சுத்தி வச்சாங்கன்னு இருக்கே. குளிராமலா சுத்தினாங்க?"

"எந்தக் காலத்துல பிறந்தாலும் பிள்ளையைத் துணியிலதான்யா சுத்துவாங்க. காகிதத்துலயா சுத்துவாங்க?"

கமிட்டியே சிரித்தது. டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன சொன்னாலும் குளிர்காலம்தான்" என்று உடும்புப் பிடியாக நின்றார்.

இத்தனைக்கும் மனுஷர் பிரசங்கத்தில் பாதி நேரம் தூங்குகிறவர். அவருக்குத் திடீரென்று என்ன வேத ஆராய்ச்சி?

வாத்தியார் போதகரின் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கடையில ஒரு கட்டு கம்பளித் துணி விலைபோகாம கிடக்கு. அதை நம்ம தலையில கட்டப் பார்க்கிறார்."

டெய்லரின் முகம் சுண்டிப்போயிற்று. அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். போதகர் பாவம், "நாளைக்கு முடிவு பண்ணலாம்" என்று ஜெபம் சொல்லி எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை இரண்டு தடிப் புத்தகங்களோடு வாத்தியார் டெய்லர் கடைக்குப் போனார். ஆதாரத்தோடு ஆளை மடக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வெட்டு மேஜையில் ஒரு கம்பளிக் கோட்டு கிடந்தது.

"இன்னும் முடிவே ஆகல, அதுக்குள்ள தைச்சாச்சா?" என்று அதைத் தூக்கினார். உள்ளே லைனிங். இரண்டு பக்கமும் ஆழமான பை. முதுகில் ஒரு மடிப்பு. மடிப்பைத் தூக்கிப் பார்த்தால், கீழே விளக்கு வெளிச்சம் பட்டால் பளபளக்கும் ஒளிப்பட்டை!

"ஏன்யா, மேய்ப்பனுக்கு எதுக்கு ஒளிப்பட்டை? பெத்லகேம்ல லாரியா ஓடுச்சு?"

டெய்லர் மெஷினை நிறுத்தினார்.

"நம்ம ரோட்டுல ஓடுது சார்."

"என்ன சொல்றீங்க?"

"ஊர் தூங்கும்போது முழிச்சு வேலை செய்றவங்கதான் மேய்ப்பர் வேஷம் கட்டணும்னு நம்ம சபையில வழக்கம். அதனால வருஷா வருஷம் தெருக் கூட்டுறவங்கதான் கட்டுறாங்க. விடியக்காலை நாலு மணிக்கு, பனியில, நடுரோட்டுல நிக்கிறாங்க சார். போன வருஷம் ஸ்வெட்டர் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'உழைச்சுச் சாப்பிடுறவங்கண்ணே நாங்க, தானம் வேண்டாம்'னு திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"அதுக்கு?"

"நாடகம் முடிஞ்சா உடுப்பு நடிச்சவங்களுக்குத்தானே? அது தானம் இல்ல, அவங்க உரிமை. மடிப்போட மேல் தையலைப் பிரிச்சா பட்டை வெளியில வந்துரும். இதைக் கமிட்டியில சொன்னா மறுபடி தானமாயிரும். அதான் வாயை மூடிக்கிட்டேன். நீங்க வசந்தகாலம்னு முடிவு பண்ணிட்டா, பாவம், நூல் அங்கியைப் போட்டுக்கிட்டா குப்பை அள்ளுவாங்க?"

வாத்தியார் கோட்டை மெல்ல மேஜையில் வைத்தார். நேற்றுச் சொன்ன சொல்லை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிருங்க டெய்லர். துணி எவ்வளவு இருக்கு?"

"இருபது பேருக்குத் தைக்கலாம் சார். கூட்டுறவங்க மொத்தம் பதினாலு பேர். மேய்ப்பர் வேஷம் ஆறுதான்."

வாத்தியார் கொண்டுவந்த புத்தகங்களை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. "கோட்டுதான் சரி," என்று வாத்தியாரே ஆரம்பித்தார்.

போதகருக்கு நம்பவே முடியவில்லை. "அப்போ குளிர்காலம்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"யார் சொன்னா? வசந்தகாலம்தான். ஆனா அந்த வருஷம் வசந்தகாலத்துல கடுங்குளிர்!"

"அப்படின்னு வேதத்துல எங்கே சார் எழுதியிருக்கு?"

வாத்தியார் எழுந்து நின்றார்.

"மேய்ப்பர்கள் ஆறே பேர்தான்னு மட்டும் எங்கே எழுதியிருக்கு? பதினாலு பேர்!"