துண்டு காட்டுகிறவன்

தூண்டில் நரம்பு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியபோதுதான் தெரிந்தது, மாட்டியிருப்பது கொடுவா மீன்.

சின்னதும் இல்லை.

தண்ணீருக்கு மேலே ஒரு துள்ளல். வெள்ளை வயிறு பளிச்சென்று தெரிந்து மறைந்தது. இரண்டு வருஷமாக இந்தக் கற்களின் மேல் நின்று வெயில் காய்ந்ததற்கு, இன்றைக்குத்தான் மாதா கண் திறந்திருக்கிறாள்.

திறக்கிற நேரமா இது?

அவன் இங்கே மீன் பிடிக்க வரவில்லை. மச்சினன் கஸ்பாரின் படகுக்குத் துண்டு காட்ட வந்திருந்தான்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கிறது. வெளியே நிற்கிற படகுக்கு அலையின் முதுகுதான் தெரியும். அது எங்கே உடைகிறது என்று தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லக் கல் வரிசையின் நுனியில் ஒரு ஆள் வேண்டும். பெரிய அலைகள் வந்து ஓய்ந்ததும் அந்த ஆள் சிவப்புத் துண்டைத் தலைக்கு மேலே தூக்குவான். தூக்கினால் வா. இறக்கினால் நில். படகுக்காரன் கடலைக்கூடப் பார்ப்பதில்லை, துண்டைத்தான் பார்ப்பான்.

போன மாசம் துண்டு காட்ட ஆளில்லாமல் நுழைந்த ஒரு படகு இங்கேதான் கவிழ்ந்தது. போனவர்களில் ஒருவன் மட்டும் நீந்தி வந்தான்.

அதனால்தான் கிளம்பும்போது மெட்டில்டா வாசல் வரைக்கும் வந்தாள்.

“எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. அவன் உள்ள வார வரைக்கும் தூண்டிலத் தொட்டுறாதீய.”

மனைவிக்குத் தலையாட்டினான். நன்றாகத்தான் ஆட்டினான்.

ஆனால் கஸ்பார் வர நேரமாகும் போலிருந்தது. கடல்தண்ணீர் கற்களை ஒட்டி ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கொடுவா நுழைகிற தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு எந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்? கஸ்பாரோ படகில் போய்ப் பெரிய பெரிய கொடுவாவாகக் கொண்டுவருகிறவன். கரையில் நிற்கிற இவனைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன மச்சான், இன்னைக்கும் கல்லுதான் கடிச்சிதா?” என்பான்.

உயிர் மடவை மீன் ஒன்றைத் தூண்டில் முள்ளில் கோத்துப் போட்டான். சும்மா கிடக்கட்டும் என்றுதான் போட்டான்.

இப்போது கை எரிந்தது.

தோளில் கிடந்த சிவப்புத் துண்டை இழுத்து உள்ளங்கையில் சுற்றினான். அதன்மேல் நரம்பைச் சுற்றினான். தூண்டில் போடுகிற எவனும் செய்கிற காரியம்தான். யோசித்துச் செய்வதில்லை.

மீன் கல்லிடுக்கை நோக்கி ஓடியது. அங்கே போனால் நரம்பு அறுந்துவிடும். அதைத் திருப்பக் கையைத் தலைக்கு மேலே தூக்கி இழுத்தான்.

வெளியே இன்ஜின் சத்தம் ஏறியது.

நிமிர்ந்து பார்த்தான். கஸ்பாரின் நீலப் படகு. அதன் மூக்கு முகத்துவாரத்தை நோக்கித் திரும்பிவிட்டிருந்தது.

கஸ்பார் எப்போது வந்தான்? எவ்வளவு நேரமாக அங்கே நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்?

படகுக்குப் பின்னால் கடல் கறுத்து எழும்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

அவன் தலைக்கு மேலே, தூக்கிய கையில், சிவப்புத் துண்டு.

கையை இறக்கினால் கஸ்பார் படகைத் திருப்புவான். திரும்புகிற படகின் விலாவில் அலை அடிக்கும். போன மாசப் படகு அப்படித்தான் போனது. நுழைந்துவிட்ட படகுக்கு ஒரே வழிதான், முழு வேகத்தில் வந்துவிட வேண்டும்.

கை மேலேயே இருக்க வேண்டும்.

மீன் அதைக் கீழே இழுத்தது.

கத்தி பையில் இருந்தது. பை எட்டாத கல்லில் இருந்தது. துண்டை உருவப் பார்த்தான், சுற்றுகள் இறுகிப் போயிருந்தன. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். வாழ்நாளில் ஒரு மீனைப் போய்விடு என்று அவன் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

மாதாவே, அதைப் போகச் சொல்லு.

முதல் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கியது. இன்ஜின் காற்றில் அலறியது. பிறகு நுரை. நுரைக்குள் நீலம் தெரியவில்லை.

மெட்டில்டாவின் முகம் தெரிந்தது.

நரம்பு பட்டென்று அறுந்தது. மல்லாந்து விழப் பார்த்தவன் கால்களை ஊன்றிக்கொண்டான். கையை மட்டும் இறக்கவில்லை.

நுரையைக் கிழித்துக்கொண்டு படகு ஆற்றுத் தண்ணீரில் வந்து விழுந்தது.

கஸ்பார் படகைக் கட்டிவிட்டுக் கற்களின் மேல் தாவித் தாவி வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். சிரித்துக்கொண்டே வந்தான்.

“என்னா பார்வை மச்சான். பின்னால அவ்ளோ பெரிய அலை ஏறுது, அதுக்கு முந்தி உள்ள நுழைச்சிட்டீய. நானா இருந்தா பயந்து நின்னுருப்பேன்.”

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அது அவனுக்கு வரவில்லை.

கஸ்பார் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

குலுக்கல் பாதியில் நின்றது.

துண்டின் மேல் நரம்பு சுற்றுச் சுற்றாக அமுங்கிக் கிடந்தது. கஸ்பார் அதைப் பார்த்தான். அறுந்து தொங்கிய நுனியைப் பார்த்தான். பிறகு முகத்துவாரத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே அலை இன்னும் உடைந்துகொண்டிருந்தது.

கஸ்பார் கேட்டிருந்தால் இவன் சொல்லியிருப்பான்.

கஸ்பார் குனிந்து நரம்பை நிதானமாக அவிழ்த்தான். துண்டை உருவி எடுத்தான். உள்ளங்கையில் ரத்தம் கசிந்திருந்தது. வலிக்காமல் துடைத்துவிட்டான்.

“நாளைக்கு நீங்க மீனப் புடிங்க மச்சான்.”

துண்டை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டு கஸ்பார் முன்னால் நடந்தான்.