ரீசெட் இல்லாத லேப்

பாறசாலைப் பக்கத்துப் பள்ளி அது. காலை மணி அடிக்குமுன் லேபில் சுமியும் ஷிபினும் மட்டும் இருந்தார்கள்.

"மெதுவா திற மக்கா. லேசா பிங்க் தெரிஞ்ச உடனே மூடணும்," என்றான் ஷிபின்.

சுமி பியூரெட் குழாயின் திருகைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டாள். சொட்டுச் சொட்டாக விழவேண்டியது சட்டென்று கொட்டிவிட்டது. குடுவை முழுக்க அடர்ந்த ரோஜா நிறம்.

"போச்சு. கம்ப்யூட்டர்ல செஞ்ச லேப்ல எனக்கு ஒருதடவகூட தப்பாப் போனதில்ல."

"அங்க மவுஸ அமுக்கினா ஒரு சொட்டுதான் விழும். நாம படிச்சதெல்லாம் அப்பிடியாக்கும்."

"இதுல ரீசெட் பட்டன் இல்லியே ஷிபின். எல்லாரும் நம்மளப் பாத்து சிரிப்பினும்."

"அதுக்குள்ள கழுவி வச்சிருவோம், தா."

மணி அடித்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள்.

"குட் மார்னிங் டீச்சர். குட் மார்னிங் சார்."

கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே பட்டம் படித்து முடித்த புது டீச்சர் சுமி, கழுவப்போன குடுவையை ஷிபினிடமிருந்து திரும்ப வாங்கி உயர்த்திப் பிடித்தாள்.

"இது இப்பம் எனக்குத் தப்பாப் போனதாக்கும். நல்லா பாத்துக்கிடுங்க. இந்த லேப்ல ஆருக்கும் தப்பாப் போவலாம். மறுபடி செஞ்சாப் போதும்."