லேத்தில் கை வைத்தவர்

"முனியா, கதவைச் சாத்து."

டிரைவர் முனியன் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் ஜெயசீலி அப்பாவின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சுழல் நாற்காலியில் அமர்ந்திருந்தார் தாளாளர் கஜபதி. ஆறு வருடம் முன்பு வரை பூந்தமல்லியில் மணல் லாரி ஓட்டியவர். இப்போது திருவேற்காடு பக்கத்தில் பொறியியல் கல்லூரி. அவர் முன்னால் ஒரு ஃபைல். அதற்குள் ஜெயசீலியின் 1998 பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., ஜாதிச் சான்றிதழ், மொத்தமும் ஒரிஜினல்.

"இன்னா நைனா, பொண்ணச் சேர்த்து முழுசா ஒரு மாசம் ஆவல. அதுக்குள்ள டி.சி. குடுன்றே? எங்க காலேஜ்ல இன்னா கொறச்சல்? பஸ் கீது, லேத் கீது, பிள்ளையார் கோயில்கூட கீது!"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க ஐயா." என்றார் ஜெயசீலியின் அப்பா கிறிஸ்துதாஸ். "இவளுக்குக் கவுன்சிலிங் கார்டு வந்திருக்கு. இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கிண்டியில இருக்கணும். ஒரிஜினல் இல்லேன்னா உள்ளேயே விட மாட்டாங்க. இன்னிக்கு விட்டா சீட்டு போச்சு."

சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது.

"லேத்துக்கு ஒயரே போகலை, சார்" என்றாள் ஜெயசீலி திடீரென்று. "போன வாரம் பேரண்ட்ஸ் மீட்டிங் வந்தப்ப அப்பா கை வெச்சுப் பார்த்தாரு. ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒட்டலை."

கிறிஸ்துதாஸ் மகளின் கையைக் கிள்ளினார். தாமதமாகிவிட்டது.

கஜபதி மெல்ல முன்னால் சாய்ந்தார். "யாரு, நீயா கை வெச்சே?"

"பழக்க தோஷங்க. ஆவடி ஃபேக்டரியில இருபத்திரண்டு வருஷமா லேத்துதான் ஓட்டுறேன்."

"அப்போ பாத்த ஒடனே கண்டுபுடிச்சிடுவே?"

கஜபதி முனியனைப் பார்த்தார். முனியன் கஜபதியைப் பார்த்தான். அந்தப் பார்வை கிறிஸ்துதாஸுக்குப் பிடிக்கவில்லை.

"பாப்பா, ரேங்க் எத்தினி?"

"நாலாயிரத்து முந்நூத்துப் பன்னெண்டு."

கஜபதி அதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். "கூட யாரு போறது?"

"நான் மட்டும்தாங்க."

"இங்க வந்தது ஊட்ல தெரியுமா?"

"இல்லீங்க. பயப்படுவாள்னு இவ அம்மாகிட்டகூடச் சொல்லலை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சொல்லியிருக்கக் கூடாது.

"நல்லதாப் போச்சு" என்றார் கஜபதி. ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "முனியா, ரெண்டு பேரையும் சுமோவுல ஏத்து."

"ஐயா, நாங்க பஸ்லயே போய்க்கிறோம். ஃபைலை மட்டும்..."

"ஏத்துன்னேன்ல!"

கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய வெள்ளை சுமோ. முனியன் ஓட்ட, பக்கத்தில் கஜபதி. ஃபைல் அவர் மடியில். பின் சீட்டில் அப்பாவும் மகளும். வெளியே பட்டப்பகல், உள்ளே இருட்டு.

வண்டி மெயின் ரோட்டுக்குப் போகவில்லை. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் திரும்பியது.

கிறிஸ்துதாஸ் குடியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஒரு பேச்சு உண்டு. போன வருடம் டி.சி. கேட்டுப் போன ஒருவரை இதே ஏரிக்கரையில்தான் இறக்கிவிட்டார்களாம். மறுவாரம் கையில் மாவுக்கட்டோடு வேலைக்கு வந்தாராம். வழுக்கி விழுந்தேன் என்றாராம்.

"ஐயா, கிண்டிக்கு இந்த வழி இல்லையே..."

"கம்னு வா."

ஜெயசீலியின் விரல்கள் ஜெபமாலையை உருட்டின. கிறிஸ்துதாஸ் அவள் காதோரம் குனிந்தார்.

"வண்டி நின்னதும் இறங்கி ஓடு. திரும்பிப் பார்க்காதே."

"சர்டிபிகேட்டுப்பா?"

"உசுரு இருந்தா டூப்ளிகேட் வாங்கிக்கலாம்."

ஏரிக்கரை வந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. உயரமான மதில் சுவர் ஒன்றின் முன் சுமோ நின்றது. முனியன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். இரும்புக் கேட் பாதி திறந்தது.

"ஓடு!" என்று கிறிஸ்துதாஸ் மகள் பக்கத்துக் கதவைத் தள்ளுவதற்குள் வெளியிலிருந்தே யாரோ அதைத் திறந்தார்கள்.

நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெண். ஜெயசீலி வயதுதான் இருக்கும். நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் ஃபைல். இரண்டு பக்கமும் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு ஏறி, ஜெயசீலியை ஒட்டி உட்கார்ந்தாள். கதவு மூடியது. வண்டி வந்த வழியே திரும்பிச் சீறியது.

கஜபதி பின்னால் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. ஜெயசீலியின் ஃபைலைக் கிறிஸ்துதாஸின் கையில் வைத்தார்.

"எம் பொண்ணு வரலட்சுமி. ரேங்க் நாலாயிரத்து முந்நூத்து இருவது. இதுக்கும் ரெண்டு மணிக்குத்தான் கவுன்சிலிங். நான் போய் நின்னேன்னா, காலேஜ் ஓனரு பொண்ணே வேற காலேஜ் தேடுதுன்னு நாளைக்கு பேப்பர்ல போட்டு நாறடிச்சிடுவான். கார்டியன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுடு அண்ணாத்தே... அப்பால, ஒயர் போற லேத்து கீற காலேஜா பாத்து எடுத்துக் குடு."