முழு நாள் விவாதம்

"அண்ணே, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க. போன மூணு தடவையும் மண்ணைக் கவ்வினோம்."

எதிர்க்கட்சிக் கொறடா மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். எதிர்க்கட்சித் தலைவர் நிமிர்ந்து பார்க்காமல் பேனாவைத் திறந்தார். கட்சியில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள்.

"நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வர்றது எதிர்க்கட்சித் தலைவரோட உரிமை. அதை நான் விட மாட்டேன்."

"உரிமை சரி. ஓட்டு எங்கே இருக்கு? நம்மகிட்ட ஆள் இல்லைன்னு வாசல்ல நிக்கிற காவலருக்குக்கூடத் தெரியும். அந்தம்மாவோட நாற்காலியை நம்மால இம்மிகூட அசைக்க முடியாது."

"அசையலைன்னா போகுது. வந்து உட்காரணுமில்ல?"

கொறடாவுக்குப் புரியவில்லை. பெரியவரே விளக்கினார்.

"மத்த நாள்ல பிரதமர் சபைப் பக்கம் எட்டிப் பார்க்கிறாங்களா? நான் எதைக் கேட்டாலும் ஒரு அமைச்சரை அனுப்பிடுறாங்க. தீர்மானம்னு வந்துட்டா அந்தக் கதை நடக்காது. காலையிலேர்ந்து ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் சபையில இருந்தே ஆகணும். நான் பேசுறதைக் கேட்டே ஆகணும். எழுந்து எனக்குப் பதில் சொல்லியே ஆகணும்."

"அதுக்காகவா இந்தப் பாடு? வெளியில என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அந்தம்மாவைத் திட்டாட்டி உங்களுக்குச் சோறு இறங்காதாம்."

"இறங்கத்தான் மாட்டேங்குது."

"அவங்க நம்ம கட்சியை விட்டு அந்தப் பக்கம் போனப்ப, இனிமே சபையைத் தவிர வேற எங்கேயும் அவங்க முகத்துல முழிக்க மாட்டேன்னு மேடையில மைக்கைப் பிடிச்சுச் சொன்னீங்க. சரி, அப்ப கோபம். இன்னுமா ஆறலை?"

மேடையில் சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்குவது சுலபமில்லை. அன்றைக்குக் கைதட்டியவர்கள் எல்லோரும் இன்னும் அவரைச் சுற்றித்தான் இருந்தார்கள்.

கொறடா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"செயற்குழுவுல முடிவு பண்ணிட்டாங்க அண்ணே. இந்தத் தடவையும் தோத்தா உங்க பதவியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. அப்புறம் உங்களுக்குக் கடைசி வரிசைதான். அங்கே தூண் மறைக்கும். பிரதமர் முகம்கூடத் தெரியாது."

பேனா தாளின்மேல் அப்படியே நின்றது. அதைப் பார்த்ததும் கொறடாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"பேசாம இந்தக் கூட்டத்தொடரை விட்டுடுங்க. முன் வரிசை இடமாவது மிஞ்சும்."

"காலி நாற்காலிக்கு எதிர்ல முன் வரிசையில உட்கார்ந்து என்னய்யா பண்றது?" பெரியவர் கையெழுத்தைப் போட்டுத் தாளைத் தள்ளினார். "ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு பேசி முடிச்சுடாதே. முழு நாள் விவாதம் கேளு."

விவாதத்தன்று பெரியவர் மற்றவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். முகம் மழித்து, புதுச் சட்டை போட்டிருந்தார்.

"கல்யாணத்துக்குப் போற மாதிரி வந்திருக்கீங்க. அடி வாங்கப் போறோம், ஞாபகம் இருக்கட்டும்" என்று கொறடா முணுமுணுத்தார்.

பிரதமர் உள்ளே வந்தபோது ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிரதமருக்குக் காதோரம் நரை விழுந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. டிவியில் இதெல்லாம் தெரிவதில்லை.

பெரியவர் பேசினார். விலைவாசி, திறப்பு விழாவுக்கு முன்பே விரிசல் விட்ட பாலம், மருந்தில்லாத ஆஸ்பத்திரிகள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. "இத்தனைக்குப் பிறகும் அந்த நாற்காலியில் உட்காரலாமா?" என்று விரலை நீட்டிக் கேட்டார்.

பிற்பகலில் பிரதமர் எழுந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி அவர்மேலேயே வீசினார்.

"மாண்புமிகு எதிர்க்கட்சித் தலைவர் எதிலும் திருப்தி அடையாதவர். தப்பு தன்மேல் இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்."

ஆளுங்கட்சிப் பக்கம் ஒரே சிரிப்பு. கொறடா நெளிந்தார்.

"குறுக்கே பேசுங்க அண்ணே! வாரு வாருன்னு வாருறாங்க, நீங்க வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"பேசட்டும்யா."

நடுவில் பிரதமருக்கு இருமல் வந்தது. பெரியவர் சட்டென்று எழுந்தார். சபை அடங்கியது.

"அவைத் தலைவர் அவர்களே, பிரதமர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் பேசட்டும். எங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லை."

கேலி என்று நினைத்து இரண்டு பக்கமும் சிரித்தது. பிரதமர் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்து முழுவதும் குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

மாலையில் ஓட்டெடுப்பு நடந்தது. தீர்மானம் தோற்றது. கொறடா தலையில் கையை வைத்துக்கொண்டார். "தூணுக்குப் பின்னாடி இடம் தயாரா இருக்கு" என்று பின்னால் யாரோ சொன்னது பெரியவர் காதில் விழுந்தது.

தீர்மானம் கொண்டு வந்தவருக்குப் பிரதமர் கை கொடுத்துவிட்டுப் போவது அந்தச் சபையின் வழக்கம். பிரதமர் தன் இடத்தைவிட்டு இந்தப் பக்கம் நடந்து வந்தார். கேமராக்கள் திரும்பின. பெரியவர் எழுந்து கையை நீட்டினார். பிடித்த கையைப் பிரதமர் விடவில்லை. மரியாதைக்கு ஏதோ சொல்வதுபோல் அவர் காதருகே குனிந்தார்.

"உங்க பதவியை எடுத்துடுவாங்களாமே? இனிமே நீங்க தீர்மானம் கொண்டு வர முடியாதா?"

"முடியாது."

கேமராக்களுக்காகச் சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது.

"அப்புறம் எந்தச் சாக்குல நாம பார்த்துக்கிறது, அப்பா?"