பேர் தெரியாத கேமரா

சவப்பெட்டியின் தலைமாட்டில் அவள். கால்மாட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் பாதிரியார். சுவரோரம் விரித்த பாயில் சித்திமார், அவர்களுக்கு நடுவில் மூத்தவர் பெண்சாதி. வாசலை அடைத்தாற்போல ஸ்டூல் போட்டு மூத்தவர் தனசிங். பெட்டிக்குள் கிடந்த ஆசீருக்கு ஒரே அண்ணன்.

அவருக்குப் பின்னால், திறந்த அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி கேமரா.

ஒளித்தால் தேடுவார். கண் முன்னால் கிடந்தால் தேடமாட்டார். அவள் போட்ட கணக்கு அது.

ஆஸ்பத்திரியிலிருந்து புருஷன் உடம்பு வந்து இறங்குவதற்குள் அவன் பைக் சாவி மூத்தவர் இடுப்பில் ஏறிவிட்டது. “தம்பி சாமான் எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கும்” என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

அடுத்தது எது என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஆசீர் படுக்கையில் விழுந்த பிறகு கல்யாண வீடுகளுக்கு அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான். இனி அவளுக்கும் மகளுக்கும் சோறு அதிலிருந்துதான்.

உடம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்படிக் கதவைச் சாத்தினாள். மகளின் பள்ளிக்கூட ஷூவுக்குப் போடும் பாலிஷ் டப்பாவைத் திறந்தாள்.

கேமராவின் நெற்றியில் வெள்ளையாகக் கம்பெனிப் பெயர். ஓரத்தில் மாடல் நம்பர். தீக்குச்சியில் பாலிஷைத் தொட்டு எழுத்து எழுத்தாக அடைத்தாள். முந்தானையால் ஒற்றினாள். பெயர் போட்ட தோள்வாரை அவிழ்த்துக் குப்பை வாளியின் அடியில் அமுக்கினாள். நல்ல லென்ஸ் அரிசி டிரம்முக்குள் போயிற்று. கீறல் விழுந்த பழையது ஒன்று முன்னால் ஏறியது.

திருவிழாக் கடையில் வாங்கின சாமான் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

“ஏம்மா, தம்பியோட பெரிய கேமரா எங்க?”

“ஆஸ்பத்திரிச் செலவுக்கு வித்தாச்சு அத்தான். அந்தா கெடக்கது ஓட்டை. ஒண்ணுக்கும் ஆவாது.”

“வித்தாச்சா?”

“வித்தாச்சு.”

மூத்தவர் எழுந்து அதை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். நெற்றியில் கட்டைவிரலை வைத்து ஒரே ஒரு தேய்.

விரலைப் பார்த்தார்.

அப்புறம் அவள் நகங்களைப் பார்த்தார்.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சத்தம் போடப்போகிறார். போடட்டும். பாதிரியார் இருக்கிறார், நாலு பேர் இருக்கிறார்கள். தாலியை இழந்தவளிடமே பிடுங்குகிறாயே என்று ஒருத்தராவது கேட்காமலா போவார்கள்?

அவர் சத்தம் போடவில்லை. தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“எந்தம்பி உசுரு இதுலதான கெடந்துச்சு. பேரு இல்லாட்டி என்ன, ஓட்டையா இருந்தா என்ன? அவன்கூடவே போவட்டும்.”

பாய் முழுக்க ஓவென்று எழுந்தது அழுகை. “கூடப் பெறந்தா இப்படில்லா பெறக்கணும்” என்றாள் ஒரு சித்தி. பாதிரியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

பெட்டிக்குள், பைபிளுக்குப் பக்கத்தில், கட்டிவைத்த கைகளுக்குக் கீழே, கேமரா.

அவள் வாயைத் திறந்தாள்.

விற்கவில்லை என்றால் பொய்க்காரி. வைக்காதீர்கள் என்றால், புருஷனுக்கு ஓர் ஓட்டைக் கேமராவைக் கொடுத்தனுப்ப மனசில்லாதவள்.

“அழு தாயி, அழுதுரு.” மூத்தவர் பெண்சாதி அவள் முகத்தைத் தன் தோளில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

மூடியை வைத்தார்கள்.

அந்த ஊரில் பெண்கள் கல்லறைத் தோட்டம் வரை போவதில்லை. தெருமுனையோடு சரி.

ஆசாரி சுத்தியலை எடுத்தார்.

“இங்கன வேண்டாம்” என்றார் மூத்தவர். “சத்தத்துல பிள்ள பயந்துரும். அங்க போயி நானே அடிச்சுக்கிடுதேன்.”

ஆசாரி ஆணிகளை அவர் கையில் கொடுத்தார். அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டி வண்டிக்குள் போயிற்று. டிரைவர் பக்கத்தில் அண்ணனுக்கென்று இடம் விட்டிருந்தார்கள்.

அவர் அங்கே உட்காரவில்லை. பெட்டியோடு பின்னால் ஏறினார். “வேற யாரும் வேண்டாம். கடைசியா எந்தம்பியோட கொஞ்சம் இருந்துக்கிடுதேன்.”

கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார்.

வண்டி கிளம்பியது.