மணிக்கட்டிலிருந்து தரைக்கு

சாருக்குங்களா என்று கடைக்காரர் கேட்டார்.

எனக்கு என்றாள்.

அவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு யாராவது பின்னால் வருவார்கள் என்று நினைத்திருப்பார். யாரும் வரவில்லை.

அவளுக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

அவினாசி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த கடை. புதிய கோல்ஃப் மட்டைகள் கண்ணாடிக்குள் இருந்தன. கைமாறி வந்தவை சுவரோரம் பையோடு சாய்ந்து கிடந்தன. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு, விலை குறைவாக, எது இருக்கிறது என்று கேட்டாள்.

ரோஜா நிறத்தில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். லேடீஸ் செட். எடையே தெரியாது என்றார்.

பதினோரு வருடமாக பம்பு கம்பெனியில் உற்பத்திப் பிரிவைக் கட்டி மேய்க்கிறாள். அவளுக்கு எடையே தெரியாத மட்டை. அதுவும் ரோஜா நிறத்தில்.

வேறு காட்டுங்கள் என்றாள்.

ஆரம்பத்தில் பதினான்கு மட்டையும் வேண்டாம், அரை செட் போதும் என்றார் அவர். தூரமாக அடிக்க ஒன்று, நடுவில் நான்கைந்து, கடைசியில் குழிக்குள் தள்ள ஒன்று. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் அந்தப் போதும் என்ற சொல் காதில் சுட்டது.

எம்.டி.யும் அப்படித்தான் ஆரம்பித்தார். உங்களுக்கு இப்ப இருக்கற பொறுப்பே போதுமேம்மா என்று.

பொது மேலாளர் பதவி சஞ்சீவுக்குப் போய்விட்டது. அவளிடம் வேலை பழகியவன். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வெளியே நாலு பேரிடம் பழகுகிற ஆள் வேண்டும் என்றார் எம்.டி. பெரிய ஆர்டர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் மைதானத்தில்தான் பேசி முடிகிறதாம். சஞ்சீவ் விளையாடுகிறவனாம். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் ஏற்றுமதிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது பார்க்கலாம்.

சரி. கற்றுக்கொள்கிறேன்.

அதற்குத்தான் வந்திருந்தாள். அடுத்த வருடம் அந்தக் காரணம் அவர் வாயில் வரக்கூடாது. வேறு ஏதாவது கண்டுபிடிக்கட்டும்.

சுவரோரம் கறுப்புப் பை ஒன்று இருந்தது. ஒரு மட்டையை உருவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. பந்தில் படும் முகப்பில் கீறல்கள். பிடியில் ரப்பர் தேய்ந்திருந்தது. அது மாற்றிக்கொள்ளக்கூடியதுதான்.

இது.

அது ஆண்கள் செட், நீளம் ஒத்துவருமா என்று பார்த்துவிடலாம் என்றார் கடைக்காரர். மேஜையிலிருந்து டேப்பை எடுத்தார். கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கச் சொன்னார். அவள் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்து, டேப்பின் நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டு, மேலே மணிக்கட்டு வரைக்கும் இழுத்தார்.

எதற்கு இது என்றாள்.

"மணிக்கட்டுலேருந்து தரைக்கு எத்தனைன்னு பாத்துதானுங்க மட்டை நீளம். புதுசா ஆரம்பிக்கற எல்லாருக்கும் இப்படித்தான்."

அவள் அசையவில்லை.

இதை அவள் பார்த்திருக்கிறாள்.

மார்ச் மாதம், எம்.டி.யின் அறையில். யாருக்காகவும் நாற்காலியைவிட்டு எழாத மனிதர் கையில் டேப்போடு கம்பளத்தில் மண்டியிட்டிருந்தார். சஞ்சீவ் கைகளைத் தொங்கவிட்டு, கூச்சத்தோடு நின்றிருந்தான். ஃபைலோடு உள்ளே வந்தவளைப் பார்த்து, இவனுக்கு ஒரு கைத்தடி வாங்கணும், மேல கொஞ்சம் பிடிங்க என்றார் எம்.டி. ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்குக் கிழவன் வேடம் என்று ஆபீசில் பேச்சு இருந்தது.

அவள் சிரித்தாள். ஃபைலை வைத்துவிட்டுப் போய், அவன் மணிக்கட்டில் டேப்பைப் பிடித்தாள். அளவையும் அவள்தான் வாசித்துச் சொன்னாள்.

பதவிக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வந்தது ஜூன் மாதம்.

விளையாடுகிறவனாம். மார்ச்சில் அவனிடம் ஒரு மட்டைகூட இல்லை. அவனுக்கு வாங்கிக் கொடுத்து, பழக்கிவிட்டு, அதற்கப்புறம் அறிவிப்பு. அதற்கப்புறம் அவளுக்கு ஒரு நேர்முகத் தேர்வு, சுத்தக் கண்துடைப்பு. அதற்காக அவள் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டு போனாள். அவர்கள் மேல் எவ்வளவு ஆத்திரம் வந்ததோ அவ்வளவு, சிரித்துக்கொண்டே டேப் பிடித்த தன் மேலும் வந்தது.

கடைக்காரர் டேப்பை விட்டுவிட்டு மறுபடி இழுத்தார். முதலில் வந்த அளவு வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். அதுவும் வேறாக வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். அவள் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. தோள் இரண்டும் மேலே ஏறியிருந்தன.

கொஞ்சம் தளர விடுங்க மேடம் என்றார். இப்படி விறைத்துக்கொண்டு நின்றால் அளவு தப்பாக வரும், மட்டை நீளமாகப் போய்விடும் என்றும் விளக்கினார்.

அவள் தளர விடவில்லை.

"இப்படியே நின்னுதாங்க அடிக்கப் போறேன்," என்றாள். "இதுக்கே எடுங்க."