நாலு பழம்

மூன்றாவது படியில் கடைக்காரம்மாவின் கால் பட்டதும் கீழே பந்துச் சத்தம் நின்றது.

நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். அவள் மாடியில் இருக்கும்வரை டப் டப் என்று காதைத் துளைக்கிற பந்து, இறங்க ஆரம்பித்ததும் கப்சிப் ஆகிவிடுகிறது.

ஒரு கையில் தண்ணீர், மறு கையில் கணவருக்குச் சர்க்கரை மாத்திரை. மூன்று மாதமாக அவருக்கு இனிப்பின் வாசனையைக்கூடக் காட்டவில்லை. ஆனாலும் சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறது, காலில் பட்ட சின்னப் புண்ணும் ஆறவில்லை. இந்த டாக்டரை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தபடியே இறங்கினாள்.

படியடியில், பழக்கடையின் பக்கச் சுவரோரம், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தச் சிறுமி நின்றாள். கடையில் பழம் துடைத்து அடுக்குகிறவளின் மகள். எட்டு வயது, முழங்காலில் காய்ந்த மண்.

"ஏன்டி நிறுத்திட்ட?"

"சும்மாதான் அத்தை."

கடைக்குள் கணவர் பேப்பருக்குள் தலையை விட்டிருந்தார். மாம்பழக் கூடையின் மேல் வரிசையில், பல் விழுந்த வாய் மாதிரி ஒரு பள்ளம்.

"இன்னைக்கும் ஒண்ணு காணோம்."

"எலியா இருக்கும்."

"தோலு, கொட்டை ஒண்ணு விடாம தூக்கிட்டுப் போற எலியா?"

அவர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

காலிக் கூடை எடுக்க அவள் சரக்கு அறைக்குள் போனாள். ஜன்னலுக்கு வெளியே குசுகுசுவென்று பேச்சு.

"அம்மா, இன்னைக்கு நாலு பழம் எடுத்துட்டேன். நேத்து மூணுதான்."

"மெதுவா பேசுடி. அத்தை காதுல விழுந்து தொலையப்போகுது."

கூடை அங்கேயே கிடந்தது. அவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"நாளைலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

பழம் துடைக்கிறவளின் கையிலிருந்த துணி நழுவியது. "என்னக்கா சொல்றீங்க? இந்த வேலையும் போச்சுன்னா நாங்க எங்கக்கா போவோம்?"

"அதை உம் பொண்ணைப் பழம் எடுக்க விட்டப்பவே யோசிச்சிருக்கணும். ஒண்ணுன்னு பார்த்தா நாலாமே. என் காதால கேட்டேன்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தச் சிறுமி பந்தைச் சுவரில் அடித்தாள். ஒரு தட்டுத் தட்டிப் பிடித்தாள், இரண்டு தட்டுத் தட்டிப் பிடித்தாள், பத்தாவதற்கு ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். ஒரு தடவைகூடப் பந்து தரையில் விழவில்லை.

"இதுதான் அத்தை ஒரு பழம்."

கடைக்காரம்மாவுக்குக் காது மடல் சுட்டது. ஆட்டத்தில் ஜெயித்தால் பழம். சின்ன வயதில் அவளே கூடை கூடையாக எடுத்திருக்கிறாள். பழத்தை விற்று விற்று அந்தப் பழம் மறந்தே போய்விட்டது.

"அப்ப என் காதுல விழக் கூடாதுன்னு ஏன் சொன்ன?"

"வேலை நேரத்துல பிள்ளையோட பேசிட்டு நின்னா நீங்க சத்தம் போடுவீங்களேன்னுதான்க்கா."

"நான்தான் அப்பவே எலின்னு சொன்னேனே" என்றார் கணவர், பேப்பரை இறக்காமலே. "பாவம், விட்டுடு. பிள்ளை ஆடிட்டுப் போகட்டும். கடையும் கலகலன்னு இருக்கு."

விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் ஒரு முள் மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. குனிந்து சிறுமியின் தோளைப் பிடித்தாள்.

"எல்லாம் சரிடி. நான் படியிறங்கும்போது மட்டும் உன் பந்து ஏன் நின்னுபோகுது? அதுக்குப் பதில் சொல்லு, உங்கம்மா வேலையில இருக்கட்டும்."

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். பிறகு பேப்பரைப் பார்த்தாள். பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"மாமாதான் நிறுத்தச் சொன்னாரு."

"எதுக்கு?"

"அத்தை கால் படியில தெரிஞ்சதும் நிறுத்திடு, நான் வாயைத் துடைச்சுக்கணும்னாரு."